ஹென்ஸ்லோ கடிதங்கள்: முகவரிப் பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்

கேம்பிரிட்ஜில் 1825 முதல் தாவரவியல் பேராசிரியராக இருந்த ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோவின் கடிதங்கள் சிலவற்றுக்கு நகல் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பீகிள் கப்பலில் போகச் சொல்லி டார்வினுக்கு எழுதினாரே, அவரேதான். 1831 ஆகஸ்ட் 24 தேதியிட்ட அந்தக் கடிதம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எனக்கு வேண்டியிருந்தவை அவர் ஒரு கிராமத்துப் பாதிரியாருக்கு எழுதியவை.

ரயிலேறி நூலகத்துக்குப் போனால் (பெயர் வேண்டாம்), மேசையில் இருந்தவர் ஹென்ஸ்லோ என்று தட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி எதுவும் இங்கே இல்லை" என்றார். நானே தேடிப் பார்க்கிறேன் என்றால், முகவரிச் சான்றில் பழைய வீடு இருக்கிறதாம். வாசகர் அட்டை கிடையாது. அலைச்சல்தான் மிச்சம்.

ஒருவர் எழுதிய கடிதம், பெற்றவருடைய தாள்களோடுதான் கிடக்கும். டார்வினுக்கு ஹென்ஸ்லோ எழுதியது டார்வின் தாள்களில் இருப்பது அப்படித்தான். ஆனால் டார்வின் இவருக்கு எழுதியவை இருப்பது கியூ தாவரவியல் பூங்காவில். பின்னாளில் அங்கே இயக்குநரான ஜோசப் ஹூக்கர், ஹென்ஸ்லோவின் மருமகன்! சரி என்று, பாதிரியார் பெயரில் தேடச் சொல்லி மின்னஞ்சல் போட்டேன். கட்டு உடனே அகப்பட்டது.

அப்புறம்தான் நகல் கூத்து. பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு, எழுத்துள்ள பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். பின்பக்கம் 'வெறும் முகவரி'யாம். 1840க்கு முன் பிரிட்டனில் தூரத்தையும் தாள் எண்ணிக்கையையும் பார்த்துத்தான் தபால் கட்டணம். உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு. அதனால் கடிதத்தையே மடித்து, அரக்கு வைத்து, வெளியே முகவரி எழுதுவார்கள். தபால் முத்திரை விழுவதும் அங்கேதான். நாளும் மாதமும் எழுதி ஆண்டை விட்டுவிட்ட கடிதத்துக்கு அதை விட்டால் வேறு ஆதாரம் ஏது?

மறுபடி காசு கட்டி வாங்கினேன். முத்திரையில் ஆண்டு பளிச்சென்று இருந்தது. அதைவிடப் பெரிய லாபம் ஒன்று: பிரிக்கும்போது தாளிலிருந்து கிழிந்த துணுக்கு அரக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கடிதத்தின் நடுவே ஓட்டை விழுந்து காணாமல் போயிருந்த செடிப் பெயரின் பின்பாதி அதில்! படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பெரிதாக்கியதும் படிக்க முடிந்தது.

தாளை மிச்சம் பிடிக்கக் குறுக்கும் நெடுக்குமாக எழுதிய பக்கங்கள் இருந்தால், வண்ண நகலே கேளுங்கள். கறுப்பு வெள்ளையில் கண் போய்விடும். படிவத்தில் 'வெற்றுப் பக்கம் உட்பட எல்லாப் பக்கமும்' என்று எழுதிவிடுங்கள். இரண்டாம் முறை கேட்டால் பக்கக் கட்டணத்தோடு சேவைக் கட்டணமும் தனியாகப் போடுகிறார்கள். என்னிடம் வாங்கிவிட்டார்கள்.