பறிக்காத குரங்கையும் எழுத வேண்டும்

143 பறிப்புகளைக் குறித்த நோட்டு இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. பத்தொன்பது நாள் விடிகாலை பஸ் பிடித்து, வெயிலில் உட்கார்ந்து எழுதியது. அதில் ஒரு வரியைக்கூட ஆய்வேட்டில் சேர்க்க முடியவில்லை. விலங்கின் நடத்தையை வைத்து முதுகலை ஆய்வேடு செய்யப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பத்தொன்பது நாளாவது அவர்களுக்கு மிஞ்சட்டும்.

எங்கள் ஊர் மலைக்கோயில் படிக்கட்டில் நாட்டுக் குரங்குகள் ஆண்களைவிடப் பெண்களிடம்தான் அதிகம் பறிக்கின்றன என்று எல்லோரும் சொல்வார்கள். அடிவாரத்துப் பூக்கடை அக்கா சத்தியமே செய்வார். அது உண்மைதானா என்று பார்ப்பதுதான் என் தலைப்பு.

தலைப்புக்கு ஒப்புதல் ஒரே நாளில் கிடைத்தது. அனுமதிக்குத்தான் அலைந்தேன். கோயில் அலுவலகத்தில், “குரங்கு வனத்துறையைச் சேர்ந்ததம்மா, அங்கே கடிதம் வாங்கி வா” என்றார்கள். வனத்துறை அலுவலகத்தில், “படிக்கட்டு கோயிலுக்குச் சொந்தம், அங்கே வாங்கி வா” என்றார்கள். இடையில் கல்லூரி நெறிமுறைக் குழுவின் படிவம் வேறு. எத்தனை விலங்குகள், எங்கிருந்து வாங்குவீர்கள், ஆய்வு முடிந்ததும் அவற்றை என்ன செய்வீர்கள் என்றெல்லாம் அதில் கேட்டிருந்தது. எண்ணிக்கைக் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். எழுத்தர் வாங்க மறுத்துவிட்டார். “விலங்கே இல்லையென்றால் விலங்கு ஆய்வு எப்படி?” என்று கேட்டார். அந்த வகையில் இரண்டு வாரம் போனது. கடைசியில் “தொடமாட்டோம், பிடிக்கமாட்டோம், உணவு கொடுக்கமாட்டோம், பார்த்து எழுதுவது மட்டுமே” என்று தமிழில் தட்டச்சு செய்து, தேதியும் நேரமும் போட்டு, துறைத்தலைவரின் முத்திரையோடு மூன்று பிரதி எடுத்துக்கொண்டு போனேன். மூன்று இடத்திலும் அன்றே கையெழுத்தானது. நீங்கள் முதல் நாளே இப்படிப் போங்கள்.

பிறகு அந்தப் பத்தொன்பது நாள். பறிப்பு நடந்தவுடன் நேரம், குரங்கு, பறிகொடுத்தவர் ஆணா பெண்ணா, பறிபோனது என்ன என்று எழுதினேன். 143-இல் 97 பெண்கள். பூக்கடை அக்கா ஜெயித்துவிட்டார் என்று துள்ளிக்கொண்டு நோட்டை வழிகாட்டியிடம் நீட்டினேன். மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அந்த நேரத்தில் படியேறிய பெண்கள் எத்தனை பேர், ஆண்கள் எத்தனை பேர்?”

நான் எண்ணவில்லை. ஏறியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள் என்றால், பறிகொடுத்தவர்களிலும் அதே பங்கு பெண்களாக இருப்பதில் என்ன அதிசயம்? பறிபடாமல் போனவர்கள் என் நோட்டில் எங்குமே இல்லை. பறிக்காமல் மதிலில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்த குரங்கும் இல்லை.

மேடம் அதோடு விடவில்லை. பாதிக்கு மேற்பட்ட பறிப்புகள் ஒரே ஆண் குரங்கின் கைவரிசை, இடது காது கிழிந்தவன். அவன் நூறு முறை பறித்தால் அது நூறு குரங்குகளின் சான்று ஆகாது. ஒரே ஆளிடம் நூறு முறை கருத்துக் கேட்டுவிட்டு, நூறு பேரைக் கேட்டேன் என்று சொல்வது போலத்தான் அது. சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984-இல் இதற்குப் ‘போலிப் பிரதியாக்கம்’ என்ற பொருளில் ஒரு பெயரே வைத்துவிட்டார். பாடத்தில் படித்துப் பத்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். என் நோட்டில் அதுவே வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

கண்ணில் பட்டதை எல்லாம் எழுதினால், கண்ணைக் கவர்வது மட்டும்தான் பதிவாகும். விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974-இல் எழுதிய கட்டுரை முழுக்க இந்தக் கவலைதான். அதன்படி மீண்டும் தொடங்கினேன். ஒவ்வொரு குரங்கையும் காது, வால், தழும்பு வைத்து அடையாளம் கண்டு எண் கொடுத்தேன். காலையில் சீட்டுக் குலுக்கி, எந்த எண் வருகிறதோ அந்தக் குரங்கை மட்டும் பத்து நிமிடம் பார்த்தேன். பக்கத்தில் ரகளையே நடந்தாலும் திரும்பக் கூடாது. சொல்வதற்குச் சுலபம். காது கிழிந்தவன் ஒருவரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கோபுரம் ஏறிய அன்று, என் சீட்டில் வந்திருந்தது தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழட்டுப் பெண் குரங்கு. பத்து நிமிடமும் ‘படுத்திருத்தல்’ என்றே எழுதினேன். குரங்கு மறைந்துவிட்டால் ‘காணவில்லை’ என்று எழுத வேண்டும், வேறு குரங்குக்குத் தாவக் கூடாது.

அடுத்து வார்த்தைச் சிக்கல். ‘கோபமாகப் பார்த்தது’ என்று எழுதியதை மேடம் சிவப்பு மையால் அடித்தார். கோபம் நான் ஊகித்தது. நான் பார்த்தது வாயைத் திறந்து, புருவத்தை மேலேற்றி, எதிரில் நின்றவரைக் கண்ணெடுக்காமல் பார்த்ததை மட்டுமே. அப்படி ஒவ்வொரு செயலுக்கும் இலக்கணம் எழுதினோம். என் தோழியும் நானும் ஒரே குரங்கை ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பதிந்து ஒப்பிட்டோம். பார்வைக்கு நன்றாகவே ஒத்துப்போனது. ஆனால் குரங்கு பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு ‘உட்கார்ந்திருத்தல்’ என்று எழுதினால்கூட இருவருக்கும் ஒத்துப்போகும். தற்செயலாக வரும் அந்த ஒப்புமையைக் கழித்துப் பார்ப்பதுதான் கோஹனின் கப்பா. முழுக்க ஒத்துப்போனால் 1 வரும். எங்களுக்கு 0.43 வந்தது, வெட்கக்கேடு. இலக்கணத்தைத் திருத்தி, ஒரு வாரம் பயிற்சி எடுத்த பிறகு 0.79.

இதிலும் ஒரு தப்பு செய்திருந்தேன். பெண்களிடம் அதிகம் பறிக்கும் என்ற எதிர்பார்ப்பைத் தோழியிடம் முன்பே உளறிவிட்டேன். பெர்லினில் குளம்பைத் தட்டிக் கணக்குக்கு விடை சொன்ன குதிரை ஹான்ஸின் கதை எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேட்பவருக்கு விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை என்று 1907-இல் உளவியலாளர் ஃபுங்ஸ்ட் காட்டினார். கேட்பவரின் தலையசைவைப் பார்த்துத்தான் அது குளம்பைத் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. இங்கே குரங்குக்குச் சைகை எதுவும் போகப்போவதில்லை, ஆனால் பதிவு செய்பவரின் பேனாவுக்குப் போகும். அதனால் ஆய்வின் கேள்வியே தெரியாத ஒரு ஜூனியரைப் பதிவுக்கு உட்கார வைத்தோம். தோழிக்குச் சற்று வருத்தம்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் பையிலிருந்த பிஸ்கட் பொட்டலம் நழுவிப் படியில் சிதறிவிட்டது. அன்றைய தரவு முழுவதையும் ஒதுக்கினேன். தான்சானியாவின் கோம்பே காட்டில் ஆய்வாளர் ஜேன் குடால் சிம்பன்சிகளுக்கு வாழைப்பழம் வைத்ததே அவற்றின் சண்டைகளைப் பாதித்ததா என்று பல ஆண்டுகள் விவாதம் நடந்திருக்கிறது. என் பிஸ்கட்டுக்கு யார் பரிந்து பேசுவார்கள்?

ஏறியவர்களை எண்ண ஆரம்பித்ததும் இன்னொன்று கண்ணில் பட்டது. பூஜைப் பொருளும் பழமும் போட்ட பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஆண்கள் பலர் வெறுங்கையோடு வந்தார்கள். பை வைத்திருந்தவர்களை மட்டும் பிரித்து ஒப்பிட்டால் ஆண் பெண் வித்தியாசம் தெரியவில்லை. ‘தெரியவில்லை’ என்றுதான் எழுதினேன், ‘இல்லை’ என்று எழுதவில்லை. என் தரவு சிறியது. அதுவும் பஸ் நேரத்தால் எல்லாம் காலை ஏழிலிருந்து பத்துக்குள் எடுத்தது. மாலைக் குரங்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதையும் ஆய்வேட்டிலேயே ஒப்புக்கொண்டேன். பூக்கடை அக்கா இன்றுவரை என் முடிவை ஏற்கவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் வரைபடங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. “ஒன்றும் நடக்காத பத்து நிமிடங்களின் தாள்களை வைத்திருக்கிறாயா, அம்மா?” என்று கேட்டார். கட்டாகத் தூக்கி மேசையில் வைத்தேன். மேலே இருந்தது அந்தக் கிழட்டுக் குரங்கின் தாள். அதை முழுவதும் படித்துவிட்டு, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.