பொறும்மா, இப்ப என்ன அவசரம்

"சார், டவருக்குச் சொல்லிடலாமா?"

"பொறும்மா, இப்ப என்ன அவசரம்."

நடுவானில் என் மாணவியும் பயிற்றுநரான நானும் பேசியது இவ்வளவுதான். டவர் என்பது விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம். ஆறு வருடம் ஆகிவிட்டது. யாருக்கும் அடி கிடையாது, விமானத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் ராத்திரி கரண்ட் போய் மின்விசிறி மெல்ல நிற்கும்போதெல்லாம் இந்த இரண்டு வரியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. 'இப்ப' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிட்டேனோ என்றுகூட யோசித்திருக்கிறேன்.

பயிற்சி விமானம், செஸ்னா 172. பழைய முள் மீட்டர்கள் உள்ளது. இடப்பக்கம் அவள், வலப்பக்கம் நான். காரைக்குடிக்கு மேலே வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்தோம். அந்தப் பக்கம் என் சொந்த ஊர்ப் பக்கம் என்பதால் மாணவர்களிடம் வாய் ஓயாமல் பேசுவேன். அன்றைக்கு அழகப்பச் செட்டியார் கதை. லண்டனில் கிராய்டன் விமான நிலையத்தில் விமானம் ஓட்டக் கற்றவர், ஜூபிடர் ஏர்வேஸ் என்று ஒரு விமானக் கம்பெனியே நடத்தியவர். கீழே தெரிகிறதே அந்த மின்வேதியியல் ஆய்வகம், அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1953இல் திறந்தார்கள், பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர் போன இடம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் "சார், லைட்" என்றாள். வோல்ட் குறைவு விளக்கு, மின்சாரம் குறைகிறது என்று எச்சரிப்பது. அதை வைத்தே பிற்பாடு எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவள் சொன்ன பிறகும் என் வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் விளக்கைப் பார்த்தேன் என்பதை மட்டும் அப்போதெல்லாம் சொல்வதில்லை.

செக்லிஸ்ட் சுலபமானது. மொத்த மின்சாரத்துக்குமான மாஸ்டர் சுவிட்சை ஒரு முறை அணைத்துப் போட வேண்டும். விளக்கு போய்விட்டால் சரி. மறுபடி வந்தால் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரை அணை, தேவையில்லாத எல்லாவற்றையும் அணை, சீக்கிரம் இறங்கு. முதல் தடவை அணைத்துப் போட்டதும் விளக்கு போய்விட்டது. என் மனதிலிருந்தும் அதோடு அது போய்விட்டது. கானாடுகாத்தான் வந்ததும், முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் அந்த வீடுகளைக் காட்டினேன். ஊருக்கு வெளியே செம்மண்ணில் கிடக்கும் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளத்தையும் காட்டினேன். அங்கேதான் விளக்கு மறுபடி எரிந்தது. அவள் கேட்டாள். நான் பொறு என்றேன்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உயிர் போகிற ஆபத்து என்று நினைத்துக்கொள்வீர்கள். இந்த வகை எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுப்பது மேக்னெட்டோ. எஞ்சின் சுற்றும் வரை அது தானே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும், பேட்டரியையோ ஆல்டர்னேட்டரையோ நம்பி இல்லை. வீட்டில் கரண்ட் போனால் விறகடுப்பு அணைந்துவிடாதல்லவா, அது மாதிரி. வேகமானியும் உயரமானியும் காற்றழுத்தத்தில் ஓடுபவை. போவது ரேடியோ, நாங்கள் யார் என்று ரேடாருக்குக் காட்டும் டிரான்ஸ்பாண்டர், இறங்கும்போது இறக்கையில் விரியும் ஃபிளாப்பின் மோட்டார், எரிபொருள் அளவு காட்டும் முள் இவைதான். பகல் நேரம், தெளிந்த வானம், கீழே ரோடும் ரயில் பாதையும் நீட்டமாகத் தெரிகின்றன. அவசரம் இல்லை என்று நான் சொன்னது பொய்யில்லை.

முதலில் ஓட்டு, அப்புறம் வழியைப் பார், அப்புறம் பேசு. இதைத்தான் எல்லாருக்கும் சொல்லித் தருகிறோம். நானும் அதைத்தான் செய்தேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் விளக்கு மறுபடி எரிந்த பிறகு டவரிடம் பேசாமல் போன அந்த ஒன்பது நிமிடத்தில் ஓட்டுவதற்கு என்ன இருந்தது? அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள், நன்றாகவே ஓட்டினாள். என் கை சும்மாதான் இருந்தது. சும்மா இருந்த கை என்ன செய்ததென்றால், செக்லிஸ்ட் சொல்லாத இரண்டாவது தடவையாக மாஸ்டரை அணைத்துப் போட்டது. பிறகு மூன்றாவது தடவை.

உண்மையான காரணம் வேறு. அதற்கு முந்தின மாதம் எங்கள் பயிற்றுநர் ஒருவர் இதே விளக்குக்காகப் பாதியில் திரும்பினார். கழற்றிப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரு வாரத்துக்கு டீ நேரப் பேச்சே அவர்தான். டவரில் சொன்னால் அது பதிவாகும், பதிவானால் அறிக்கை, விமானம் இரண்டு நாள் ஷெட்டில் நிற்கும். விளக்கு தானே அணைந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். பொறு என்று சொன்னது அவளுக்கில்லை போலிருக்கிறது.

பேட்டரி அரை மணி நேரம் தாங்கும் என்பது கணக்கு. புது பேட்டரிக்கு, சுமையையும் குறைத்தால்தான் அந்தக் கணக்கு. இரண்டாவது ரேடியோவையும் ஸ்ட்ரோப் விளக்கையும் அணைத்தேன். இறங்கி, கதவைத் திறக்கும்போதுதான் பார்த்தேன், லேண்டிங் லைட் சுவிட்ச் போட்டபடியே இருந்தது.

புதுக்கோட்டை தெரிய ஆரம்பித்தபோது ஒருவழியாக மைக் பொத்தானை அமுக்கினேன். கேட்பதைவிடப் பேசுவதற்கு ரேடியோ அதிக மின்சாரம் இழுக்கும். எங்கள் அழைப்புக் குறியைச் சொல்லி முடிப்பதற்குள் இரைச்சல் நின்றது, திரை அணைந்தது. ரேடியோ போச்சு என்று காட்டும் 7600 எண்ணை டிரான்ஸ்பாண்டரில் வைக்கவும் வழியில்லை, அதுவும் செத்துவிட்டது. எரிபொருள் முள் இரண்டும் காலியில் போய்ப் படுத்தன. காலி இல்லை என்று தெரிந்தும் அடிவயிறு ஒரு நொடி கலங்கியது. எஞ்சின் மட்டும் எதுவும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சார், கண்ட்ரோல் உங்ககிட்ட" என்றாள். பையிலிருந்து செல்போனை எடுத்து, ஹெட்செட்டை ஒரு காதில் விலக்கி, எங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். என்னைக் கேட்கவில்லை. நல்லவேளை, சிக்னல் இருந்தது. அந்தப் பக்கம் எடுத்தவர் பஸ் ஸ்டாண்டிலிருந்து யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்து "சத்தமா இருக்கும்மா, தள்ளி நின்னு பேசுங்க" என்றாராம். மூன்று தடவை கத்திச் சொன்ன பிறகு புரிந்து, அவர்தான் டவருக்குச் சொன்னார். நாங்கள் ஓடுதளம் அருகே வந்தபோது டவரிலிருந்து அசையாத பச்சை விளக்கு. இறங்கலாம். ஃபிளாப் இல்லாததால் கொஞ்சம் வேகம் கூட்டி, நீளமாக வந்து இறங்கினோம்.

ஆல்டர்னேட்டருக்குப் போகும் ஒரு ஒயர் முனையில் தளர்ந்திருந்தது, பேட்டரி வயதானது. ஆக, முன்னாலேயே சொல்லியிருந்தாலும் ரேடியோ போயிருக்கும், இதே மாதிரிதான் இறங்கியிருப்போம். இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவள் போனில் சிக்னல் இல்லாமல் இருந்திருந்தால் டவருக்கு நாங்கள் பெயர் தெரியாத ஒரு விமானம், அவ்வளவுதான். இதிலும் சந்தேகமில்லை.

அன்று மாலை இரண்டு பேரும் தனித்தனியாக அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அவள் பேனாவை வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"சார், டவருக்குச் சொல்லலாமான்னு நான் கேட்டேன்ல, அதை எழுதணுமா?"

உடனே பதில் வரவில்லை எனக்கு. அப்புறம், "உனக்கு எது சரின்னு படுதோ எழுதும்மா" என்றேன்.

நியாயமான பதில்தான். எழுதாதே என்று நான் சொல்லவில்லை. எழுது என்றும் சொல்லவில்லை. அவளுடைய அடுத்த தேர்வுப் பறப்புக்குக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

இப்போது அவள் ஒரு பெரிய கம்பெனியில் துணை விமானி. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவாள். கேப்டன் பொறு என்று சொன்னால் என்ன செய்வாய் என்று ஒரு தடவை அவளிடம் கேட்க நினைத்து, தட்டச்சு செய்து, அழித்துவிட்டேன்.

அவள் எழுதியதன் நகல் என்னிடம் இருக்கிறது. 'வோல்ட் குறைவு விளக்கு மீண்டும் எரிந்தது. ரேடியோ செயலிழந்தது.' அடுத்தடுத்த இரண்டு வரிகள். ஒன்பது நிமிடம் அதில் இல்லை. என் அறிக்கையிலும் இல்லை.