வாட்டம்: கொல்லைப்புற நாட்குறிப்பு

மார்ச் 2

கொல்லைப்புறம் 30 அடி நீளம், 20 அடி அகலம். ஒரு துணிக்கொடி, விரிசல் விட்ட சிமெண்ட் தொட்டி, மீதியெல்லாம் கோரை. ஆள் வைத்துச் செய்யக் கட்டுப்படியாகாது, நானேதான் இறங்க வேண்டும். ராத்திரி உட்கார்ந்து வாங்க வேண்டிய செடிகளைப் பட்டியல் போட்டேன், 14 வந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"மழை பெஞ்சா பின்வாசல் படிகிட்ட தண்ணி நிக்குதே, அதுக்கு எந்தச் செடிடா வைக்கப் போற?"

பட்டியலை மடித்து வைத்துவிட்டேன்.

மார்ச் 5

பக்கத்து வீட்டு மேஸ்திரியிடம் மட்டக்குழாய் இரவல் வாங்கினேன். ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் மட்டும் பொய் சொல்லும். அதைத் தட்டித் தட்டி வெளியேற்றவே கால் மணி நேரம் போயிற்று.

படிப்பக்கத்தைவிட கடைசிச் சுவர்ப்பக்கம் 3 அங்குலம் உயரம். அதாவது விழுகிற மழையெல்லாம் வீட்டைத் தேடி வருகிறது. "வாட்டம் தலைகீழா இருக்கு தம்பி, முதல்ல அதைத் திருப்புங்க" என்றார் மேஸ்திரி. சொல்லிவிட்டுக் குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுகிற சரிவு.

மார்ச் 8

கணக்கு. வீட்டுப்பக்கம் 3 அங்குலம் ஏற்றி, கடைசியில் 3 அங்குலம் இறக்கினால், இப்போதைய தலைகீழ் வாட்டம் போக, 30 அடிக்கு 3 அங்குலம் சரிவு கிடைக்கும். நடுவில் எதையும் தொட வேண்டாம். வெட்டி எடுக்க வேண்டிய மண் சுமார் 37 கன அடி. மண் சுமக்கும் பாண்டுச் சட்டி ஒன்றுக்கு அரை கன அடி என்றால் 75 பாண்டு. எடையில் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. மண் வெளியிலிருந்து வரவும் வேண்டாம், வெளியே போகவும் வேண்டாம் என்பதுதான் ஒரே ஆறுதல்.

ஏற்றுகிற மண் சுவரின் ஈரத்தடுப்புப் பூச்சுக்குக் குறைந்தது 6 அங்குலம் கீழேயே நின்றுவிட வேண்டும். மேலே போனால் மண்ணின் ஈரம் சுவருக்குள் ஏறிவிடும். அளந்து பார்த்தேன், தாராளமாக இடம் இருக்கிறது.

மார்ச் 9

கடைசி மூலையில் ஓர் அடி ஆழக் குழி தோண்டி நீர் ஊற்றினேன். முதல் தடவை ஊற்றியது கணக்கில் சேராது, காய்ந்த மண் குடித்துவிடும். இரண்டாவது தடவை ஊற்றி ஸ்கேலை நட்டு வைத்தேன். ஒரு மணி நேரத்தில் 2 அங்குலம் இறங்கியது. நல்ல மண். அரை அடி ஆழத்தில் ஒரு பள்ளப்பாத்தி போட்டால் மூன்று நான்கு மணி நேரத்தில் வடிந்துவிடும், கொசுவுக்கு வேலை இல்லை. முட்டை கொசுவாக ஒரு வாரமாவது ஆகும்.

மார்ச் 10 முதல் 23 வரை

மம்பட்டி, பாண்டு, முதுகு வலி. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 24

எழுத இருக்கிறது. என் முட்டாள்தனம்.

கடைசிப் பக்கத்தில் இன்று மம்பட்டி போட்டால் மண் வெளிறிப்போய், கட்டி கட்டியாக வருகிறது. புழு இல்லை, வேர் இல்லை. கறுத்த, பொலபொலத்த மேல்மண்ணையெல்லாம் இரண்டு வாரமாகச் சுமந்து படியோரம் கொட்டியிருக்கிறேன். அங்கேதான் செங்கல் நடைபாதை வரப்போகிறது. செடி வைக்க வேண்டிய இடத்தில் மொட்டை மண், செங்கல்லுக்கு அடியில் சத்துள்ள மண். முதலில் மேல்மண்ணைத் தனியாகச் சீவிக் குவித்துவிட்டு, அடிமண்ணை வெட்டி நிரவி, கடைசியில் மேல்மண்ணைத் திரும்பப் பரப்பியிருக்க வேண்டும். இதைச் சொன்னதும் மேஸ்திரி சிரிக்கவில்லை. அதுவே பெரிய உதவி.

மார்ச் 30

பாதைக்கு எப்படியும் தோண்டத்தான் வேண்டும். 12 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 6 அங்குலம் ஆழம்: 15 கன அடி. முப்பது பாண்டு மேல்மண் வந்த வழியே திரும்பிப் போயிற்று. எடுத்ததற்கு ஈடாகச் செங்கல்லும் உடைந்த செங்கல் கட்டியும் மணலும் இறங்குவதால் மட்டம் கெடாது. சுமந்ததை மறுபடி சுமக்கும்போது தெரு நாய் ஒன்று சுற்றுச்சுவர் மேல் ஏறி நின்று முழுக்கப் பார்த்தது.

ஏப்ரல் 6

இடித்த வீட்டின் பழைய செங்கல், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்தார்கள். ஒரு செங்கல் 9 அங்குலத்துக்கு நாலரை, எனக்கு 107 தேவை. உடைவதற்குச் சேர்த்து 125 எடுத்தேன். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் வேகாத கல், ஒரு மழைக்காலத்தில் மாவாகிவிடும். அப்படி 22 கழிந்தது. மிஞ்சியது 103, நான்கு குறைகிறது. கழிந்ததை உடைத்து அடிக்கட்டியாகப் போட்டுக்கொள்ளலாம் என்பதால் வருத்தமில்லை.

பழைய சாந்தைக் கொத்தித் தள்ளுவதுதான் பொறுமையைச் சோதிக்கிறது. சுண்ணாம்புச் சாந்து லேசாகத் தட்டினாலே உதிர்கிறது. சிமெண்ட் பிடித்த கல் சாந்தை விடாது, தானே உடையும். அப்படி மூன்று போயிற்று. ஆகக் குறைவது ஏழு. இரண்டு விளிம்பிலும் அரைக் கல் வைத்துச் சமாளிக்கப் போகிறேன்.

ஏப்ரல் 12

பாதை படிக்குச் செங்குத்தாக வர வேண்டும். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து முளை அடித்து, குறுக்கே 5 அடி வரும்வரை நூலை நகர்த்தினேன். கண்ணுக்கு நேராகத் தெரிந்தது நூலுக்கு ஒரு சாண் கோணலாக இருந்தது.

அடியில் 2 அங்குலம் செங்கல் கட்டி, மேலே ஓர் அங்குலம் மணல், அதன்மேல் கல். கட்டியைத் திமிசு, அதாவது இடித்து இறுக்கும் கனத்த கட்டை, போட்டு இறுக்க வேண்டும். திமிசு கிடையாது. பழைய மரக்கட்டை ஒன்றில் குறுக்குக் கம்பு அடித்துக்கொண்டேன். இந்த இடத்தில் கஞ்சத்தனம் கூடாது, இடித்தது போதாவிட்டால் மேலே கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாயும். பாதைக்கும் பக்கவாட்டில் அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடுத்தேன்.

ஏப்ரல் 20

கோரையின் மேல் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டு, நனைத்து, மேலே சருகு பரப்பினேன். ஒட்டுநாடாவையும் கம்பியையும் பிடுங்கிவிட்டுத்தான் போட வேண்டும், அட்டை மக்கிவிடும், அவை மக்காது.

மே 4

மற்ற களை அடங்கிவிட்டது. கோரை மட்டும் அட்டையைக் குத்திக்கொண்டு நிற்கிறது. அதன் உயிர் கிழங்கில் இருக்கிறது, வெளிச்சத்தை மறைத்தால் மட்டும் சாகாது. மேலே பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே தங்கி மறுபடி தளிர்க்கும். ஆழத்திலிருந்து தோண்டி எடுத்தேன். ஒரு சதுர அடிக்குள் 31 கிழங்கு. எண்ணியிருக்க வேண்டாம்தான்.

மே 11

மேஸ்திரி வீட்டுச் செம்பருத்தியிலிருந்து 11 குச்சி. பென்சில் கனம், அரை அடி நீளம், கணுவுக்குக் கீழே வெட்டு, அடியிலையெல்லாம் கிள்ளிவிட்டுப் பாதி மண்ணுக்குள். நிழலில் வைத்திருக்கிறேன். மார்ச்சில் போட்ட பட்டியலில் இன்னும் ஒரு செடிகூட வாங்கவில்லை.

ஜூன் 1

குச்சியில் ஏழு பிடித்துவிட்டது, நான்கு கறுத்துவிட்டது. ஏழையும் பள்ளப்பாத்தியின் மேல்கரையில் நட்டேன். வேரடியில் நீர் தேங்கினால் செம்பருத்திக்கு ஆகாது.

ஜூன் 7

ராத்திரி பத்தரைக்கு நல்ல மழை. டார்ச்சோடு குடை பிடித்துக்கொண்டு போய் நின்றேன். படியோரம் நீர் நிற்கவில்லை. மெல்லிய தகடு மாதிரி நழுவி, துணிக்கொடியைத் தாண்டி, மூலைப் பாத்திக்குள் இறங்குகிறது. அம்மாவைக் கூப்பிட்டேன். கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "அங்க ஒரு இடத்துல நிக்குதே" என்றாள்.

நிற்கிறது. பாதையின் விளிம்பில் ஒரு கல் அரை அங்குலம் துருத்திக்கொண்டிருக்கிறது, அதற்குப் பின்னால் உள்ளங்கை அளவு குட்டை. காலையில் அந்தக் கல்லைப் பெயர்த்து, அடியில் இருந்த மணலில் இரண்டு கை அள்ளி வெளியே போட்டுவிட்டு மறுபடி பதித்தேன்.