அலமாரியில் கிடந்த காலுறை

மார்ச் 3
கால் வீக்கத்துக்கு டாக்டர் போடச் சொன்ன இறுக்கமான காலுறை விஷயத்தில் இன்றைக்கு அவரிடமே பொய் சொல்லிவிட்டேன். "ஸ்டாக்கிங்ஸ் தினமும் போடுறீங்களா?" என்றார், "போடுறேன் டாக்டர்" என்றேன். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார், விழுந்த குழி அப்படியே நின்றது. போன மாதம் ஒரு வாரம் போட்டிருந்தால் அதிகம்.

மார்ச் 4
மறதி என்று சொல்ல முடியாது. நினைவிருந்தும் எடுக்கவில்லை. எனக்குக் கொடுத்தது 30–40 மி.மீ. பாதரச அழுத்தம் உள்ளது, குதிகாலைத் தாண்டவே மாட்டேன் என்கிறது, குனிந்து இழுத்தால் மூச்சு வாங்குகிறது, விரல் மூட்டெல்லாம் வலிக்கிறது, அப்புறம் மத்தியானம் வியர்வையும் அரிப்பும். காலையில் அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தாலே கை பின்வாங்குகிறது. இத்தனைக்கும் அது என்ன செய்கிறது என்று நன்றாகத் தெரியும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் சரியாக மூடாததால் மேலே ஏற வேண்டிய ரத்தம் காலிலேயே தேங்குகிறது, கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இறுக்கி அதைத் தேங்கவிடாமல் செய்வதுதான் இந்த உறை. வால்வைச் சரிசெய்யாது. கழற்றினால் வீக்கம் திரும்ப வரும், அதுதான் மனதைச் சோர்வாக்குகிறது.

மார்ச் 11
உள்கணுக்காலுக்கு மேலே கருத்திருந்த தோல் வறண்டு உரிகிறது, ஒரே அரிப்பு. போன வருடம் புண் வந்து ஐந்து மாதம் கட்டுப் போட்ட அதே இடம். ராத்திரி தூக்கமே இல்லை.

மார்ச் 13
போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், "நீங்க போடுறதா நினைச்சு, அது பத்தலைன்னு இன்னும் இறுக்கமானதுக்கு மாத்த இருந்தேன்" என்றார். அதைக் கேட்டதும் வெட்கமாகிவிட்டது. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார், காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இருந்தால் இறுக்குவதே ஆபத்தாம். எனக்கு அது இல்லை. 20–30க்குக் குறைத்துக் கொடுத்தார், அலமாரியில் கிடக்கும் 40ஐ விட காலில் இருக்கும் 20 மேல் என்று.

நர்ஸம்மாதான் போடும் முறையைச் சொல்லித் தந்தார். குதிகால் வரை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் பாதத்தை நுழைக்க வேண்டும், ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு உள்ளங்கையால் நீவி நீவி ஏற்ற வேண்டும். இரண்டு வருடமாக நான் மேல் விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்! முதல் நாளே யாராவது காட்டியிருக்கலாம்.

மார்ச் 20
கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போட்டுவிடுகிறேன், வீக்கம் ஏறாத நேரம் என்பதால் சுலபமாக ஏறுகிறது. கிரீம் ராத்திரிதான், காலையில் தடவினால் வழுக்கும். மேல் விளிம்பை ஒரு நாள் மடித்துவிட்டேன், முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டிய மாதிரி தடம் விழுந்துவிட்டது. மடிக்கவே கூடாது.

ஏப்ரல் 2
சாயங்காலம் கழற்றியபோது கணுக்கால் எலும்பு தெரிந்தது. ரொம்ப நாளாகிவிட்டது அதைப் பார்த்து. அரிப்பும் குறைந்திருக்கிறது. இந்த இரண்டு வாரத்தில் இரண்டு நாள் போடவில்லை, காலண்டரில் அந்த இரண்டையும் சுழித்து வைத்திருக்கிறேன், அடுத்த முறை டாக்டர் கேட்டால் காட்ட.