கட்டி முடிக்காத லால்பாக்

முகலாயர் கோட்டைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது டாக்காவின் லால்பாக்தான், ஆக்ரா, டெல்லி எல்லாம் அப்புறம். ஔரங்கசீப்பின் மகன் ஆசம் ஷா 1678-ல் புரிகங்கை ஆற்றின் கரையில் தொடங்கிய வேலை, அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டதும் வங்காள ஆளுநர் சாயிஸ்தா கான் கைக்கு வந்தது. 1684-ல் அவர் மகள் பரி பீபி இறந்துபோக, ராசியில்லாத இடம் என்று அப்படியே நிறுத்திவிட்டார் என்பார்கள்.

கோட்டைக்குள் இருக்கும் அந்தப் பெண்ணின் சமாதிக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். வளைவே கிடையாது. கருங்கல் பலகைகளை ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் உள்ளே நீட்டி அடுக்கி, நம் பழைய கோயில்காரர்கள் செய்த மாதிரியே கூரையை மூடியிருக்கிறார்கள். வெளியே தெரிகிற உலோகத் தகடு போர்த்திய குவிமாடம் வெறும் அலங்காரம்தான்!

ஆறு இப்போது தெற்கே விலகிப் போய்விட்டது. ஹம்மாமுக்கு, அதாவது குளியல் கூடத்துக்கு, தண்ணீர் கொண்டுவந்த சுடுமண் குழாய்களை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள், அதையும் விட்டுவிடாதீர்கள்.