பிள்ளைக்கு இரண்டு பை, எனக்கு ஒரு நைட்டி

பிரசவத்துக்குக் கிளம்பியபோது எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பைகள் காரில் ஏறின. இரண்டிலும் பிள்ளைக்கான சாமான்கள்தான். எனக்கென்று இருந்தது ஒரு நைட்டியும் ஒரு துண்டும். மகன் பிறந்து இன்றைக்கு 52 நாள். இன்னும் மனசு ஆறவில்லை. அடுத்துப் போகிறவர்களாவது கொஞ்சம் யோசித்துப் பை கட்டட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்குத் தாய்வீடு மேலூர், வாக்கப்பட்டது திருமங்கலம். பதிவு, ஊசி, சத்து மாத்திரை எல்லாம் திருமங்கலம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. வளைகாப்பு முடிந்து மேலூர் வந்தேன். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவம். பகல் முழுக்க வலி எடுத்தும், பிள்ளையின் துடிப்பு குறைகிறது என்று சாயங்காலம் ஆபரேஷன் செய்துவிட்டார்கள். பையன், 2.9 கிலோ. பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள்காமாலைத் தடுப்பூசி மூன்றும் மறுநாளைக்குள் போட்டாயிற்று.

ஆபரேஷன் என்றால் உதிரப்போக்கு அவ்வளவாக இருக்காது என்று நானாக நினைத்திருந்தேன். யாரும் சொல்லவும் இல்லை. எந்த வழியில் பிறந்தாலும் அது வாரக்கணக்கில் இருக்கும், ஆறு வாரம் வரைகூடப் போகும். மெல்லிசான பேட் எதற்கும் காணாது. பிரசவத்துக்கென்றே நீளமாக, கனமாக விற்கிறார்கள். இரண்டு பாக்கெட் முன்னாடியே வாங்கி வையுங்கள். அம்மா ராத்திரி பத்து மணிக்கு மருந்துக் கடை மருந்துக் கடையாக அலைந்துவிட்டுச் சாதாரண பேட்டுடன் திரும்பி வந்தார். ஒரு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம்: ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, பெரிய கட்டிகளாகப் போனாலோ, துர்நாற்றம், காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல் என்று எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அடுத்து உள்ளாடை. நான் வழக்கமாகப் போடுவதன் எலாஸ்டிக் சரியாகத் தையல் மேலேயே வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் உயிர் போய் வந்தது. மூன்றாம் நாள்தான் அம்மா விளக்குத்தூண் பக்கம் போய், இரண்டு சைஸ் பெரிதாக, தொப்புளுக்கு மேலே ஏறுகிற மாதிரி பருத்தியில் வாங்கி வந்தார். போட்டதும் அப்படியொரு நிம்மதி. நைட்டியும் முன்பக்கம் ஜிப் வைத்ததாகக் குறைந்தது நான்கு வேண்டும். ஒரு சின்னத் தலையணையும் கொண்டு போங்கள். இருமல் வந்தால், சிரித்தால், எழுந்தால் அதை வயிற்றோடு அணைத்து அழுத்திக்கொள்ளச் சொல்லி ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். அந்த ஒரு யோசனைக்கே அவருக்குக் கோடி புண்ணியம்.

இனி பிக்மி அட்டை, அதாவது அரசின் கர்ப்பப் பதிவு எண் இருக்கும் அட்டையின் கதை. கர்ப்பத்தைப் பதிந்ததும் 12 இலக்கத்தில் ஓர் எண் தருவார்களே, அது இல்லாமல் பிறப்பைப் பதிய மாட்டார்கள். எனக்கும் தெரியும். ஆனால் அட்டை திருமங்கலத்திலேயே தங்கிவிட்டது. “போட்டோ வரவழைச்சுக் காட்டினா போதுமாங்க?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கவுண்டரில் இருந்தவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. “அட்டைன்னா அட்டைதான் சார்” என்றார்.

என் வீட்டுக்காரர் அட்டையை எடுக்கக் கிளம்பிய நாளோ சித்திரைத் திருவிழாவின் எதிர்சேவை. அழகர் புதூர் தாண்டி தல்லாகுளம் வருகிற நாளில் அந்தப் பக்கம் இருந்து ஆற்றைக் கடந்து தெற்கே போவதென்றால் மதுரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கெங்கோ திருப்பிவிட்டார்கள். போய்த் திரும்பவே பொழுது இருட்டிவிட்டது. திரும்பி வந்தவர் கையில் இருந்தது ஸ்கேன் ஃபைல். அட்டையை நான் பீரோவில் பட்டுச்சேலை மடிப்புக்குள் வைத்திருந்தேன். வலியில் அதைச் சொல்லத் தோன்றவில்லை. மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார், வண்டியை எடுக்கவே முடியாது. அதற்கு அடுத்த நாள் மறுபடி போய் எடுத்து வந்தார். அன்றைக்குக் கவுண்டரில் இருந்தது வேறொரு பெண். அட்டையைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “நம்பர் மட்டும் போதுமே சார், போன்ல கேட்டு எழுதிக் கொடுத்திருக்கலாமே” என்றார். இவர் ஒன்றும் பேசாமல் வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாளாகப் பிள்ளையைக் கையில் வாங்கக்கூட நேரமில்லாமல் அலைந்த மனிதர்.

அட்டையின் எல்லாப் பக்கத்தையும், இருவர் ஆதாரையும் படம் எடுத்து வீட்டில் மூன்று பேர் போனிலாவது வைத்திருங்கள். அப்புறம், பிறப்புப் பதிவுத் தாளில் கையெழுத்துப் போடும் முன் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். என் வீட்டுக்காரர் பெயரில் ஓர் ஆங்கில எழுத்து விட்டுப்போயிருந்தது. படுத்தபடியே நான்தான் கண்டுபிடித்துத் திருத்த வைத்தேன். 21 நாளைக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பிள்ளைக்குப் பெயர் முடிவாகவில்லை என்று நிறுத்தி வைக்க வேண்டாம், பெயரை ஒரு வருடத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தால் அடுத்த சோதனை. மேலூர் வீட்டில் இருப்பது குந்தி உட்கார்ந்து போகிற பழைய கழிப்பறை. தையலோடு குந்த முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். படுக்கையோ தரையில் பாய். படுத்தால் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். இரண்டையும் முன்கூட்டியே யோசித்திருக்க முடியும், யாருக்கும் தோன்றவில்லை. அப்பா மறுபடி மதுரைக்கு பஸ் ஏறி, பெரியாஸ்பத்திரி பக்கம் சர்ஜிக்கல் கடையில் 1,800 ரூபாய்க்கு ஒரு கமோடு நாற்காலி வாங்கி, மாட்டுத்தாவணியில் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்தார். கட்டில் பக்கத்து வீட்டில் இரவல். பிள்ளைக்கு வாங்கிய சாமான்களிலேயே குறைந்த பயன்பட்டது கம்பளித் தொப்பியும் சாக்ஸும் வாசனைப் பவுடரும். சித்திரை வெயிலில் கம்பளி போட்டால் உடம்பெல்லாம் வேர்க்குரு. பவுடரே வேண்டாம் என்று குழந்தை டாக்டர் சொல்லிவிட்டார். உதவியது எல்லாம் கிழித்துத் துவைத்து வெயிலில் காயப்போட்ட அப்பாவின் பழைய வேட்டிதான். தொட்டிலுக்கு அம்மாவின் சுங்குடிச் சேலை.

பால் இறங்க நான்காம் நாள் ஆனது. அதுவரை வந்த சீம்பால் ஒரு தடவைக்கு ஒரு ஸ்பூன்கூடத் தேறாது, ஆனால் பிள்ளைக்கு அதுவே போதுமாம். பையன் எடை மூன்றாம் நாள் 2.65க்கு இறங்கியது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் “பால் பத்தல, டப்பாப் பால் குடு” என்றார்கள். பத்து சதவீதம் வரை இறங்குவது இயல்பு, இரண்டு வாரத்துக்குள் ஏறிவிடும் என்றார் டாக்டர். ஐந்தாறு நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு துணியாவது ஈரமானால் பால் போதுகிறது என்று அர்த்தம். அம்மா கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் கோடு போட்டுக் கணக்கு வைத்தார். ஆறு, ஏழு, ஒன்பது. கோடுகளைப் பார்த்த பிறகு யாரும் டப்பாவைப் பற்றிப் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் எடை 2.92. அந்தத் தராசு முன்னால் நான் நின்ற நிலையைச் சொல்ல வார்த்தை இல்லை. காம்பை மட்டும் கொடுக்காமல் கறுப்பு வட்டமும் வாய்க்குள் போகிற மாதிரி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அதே நர்ஸ்தான்.

பத்தியச் சாப்பாட்டில் பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் வாய்க்கு நன்றாக இருந்தன. கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை போட்டு அப்பத்தா கிண்டிய லேகியமும் சுகம்தான். தண்ணீரில்தான் சண்டை. “பச்சத்தண்ணி குடிச்சா வயிறு தள்ளிரும்டி” என்று சொம்பை எட்டாத இடத்தில் வைத்துவிட்டார். இரும்புச்சத்து மாத்திரையும் தண்ணீர்க் குறைவும் சேர்ந்து மலம் கல்லாக இறுகி, தையலைவிட அது அதிகம் வலித்தது. தாராளமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் போனில் அப்பத்தாவிடமே பேசினார். அதன் பிறகு ஒரு வழி பிறந்தது: வெதுவெதுப்பான சீரகத் தண்ணீர், கேட்கும்போதெல்லாம். இப்போது அப்பத்தாவே சொம்பை நிரப்பி என் தலைமாட்டில் வைக்கிறார்.

உசிலம்பட்டியில் சித்தி மகளுக்கு எட்டாம் மாதம். கமோடு நாற்காலியைக் கழுவி, வெயிலில் காயவைத்து, போன வாரம் அவளுக்கு அனுப்பிவிட்டேன். கூடவே இரண்டு பெரிய பேட் பாக்கெட்டும் அந்தச் சின்னத் தலையணையும். பிக்மி அட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை, ராத்திரி மறுபடி போன் போட வேண்டும்.