டிரிம் பிளஸ், பிளக் கருப்பு: குறைந்த மைலேஜைத் தேடிப் போன கதை

வண்டி 2017 கடைசியில் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் புகை விதி), நாலு சிலிண்டர். கோவைக்குள் ஓட்டினால் லிட்டருக்கு 15.5 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. டேஷ்போர்டு காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை. டேங்கை நிரப்பி, அடுத்த முறை நிரப்பும்போது நோட்டில் போட்ட கணக்கு இது. அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 12.8-இல் வந்து நின்றது. செக் என்ஜின் விளக்கு எரியவில்லை. இழுவையிலும் குறை தெரியவில்லை. சைலன்ஸர் முனையில் விரலை வைத்தால் மட்டும் கரி அப்பிக்கொண்டது.

யாரிடம் சொன்னாலும் "இ20 பெட்ரோல்தான் சார், எல்லாருக்கும் இதே கதைதான்" என்றார்கள். இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், இ10 என்றால் 10 சதவீதம். அவர்கள் சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இ10-க்கு அளவு வைத்த பழைய கார்களில் இ20 போட்டால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று 2021-இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. சரி, 15.5-இல் 7 சதவீதத்தைக் கழித்தாலும் 14.4 வர வேண்டும். 12.8-க்கும் 14.4-க்கும் நடுவில் இருக்கிற பெட்ரோல் எங்கே போகிறது? இ20 மேல் பழியைப் போட்டுவிட்டு இதைத் தேடாமல் விட எனக்கு மனசில்லை.

சில்லறைக் காரணங்களை முதலில் கழித்தேன். டயரில் காற்று சரி. ஏர் ஃபில்டர் சுத்தம். ஓட்டி வந்து நிறுத்தியதும் நாலு வீலையும் தொட்டுப் பார்த்தேன். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் அந்த வீல் மட்டும் சுடும். அப்படி ஒன்றும் இல்லை.

அப்புறம் ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கணினியைப் படிப்பதற்காக இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு மலிவான இஎல்எம்327 புளூடூத் அடாப்டரைச் செருகி, போனில் அதைப் படிக்கும் டார்க் (Torque) செயலியைத் திறந்தேன். கோளாறைச் சொல்லும் குறியீடு (கோடு) எதுவும் பதிவாகவில்லை. ஆனால் என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடவிட்டபோது, லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம் பிளஸ் 18 சதவீதம், ஷார்ட் டெர்ம் பிளஸ் 4-ஐச் சுற்றி ஆடியது. மொத்தம் பிளஸ் 22. ஆக்ஸிலேட்டரை 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தால் மொத்தம் பிளஸ் 12-க்கு இறங்கியது.

டிரிம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று என்ஜினின் கணினியான ஈசியுவிடம் ஒரு கணக்கு இருக்கும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், "புகையில் ஆக்சிஜன் மிஞ்சுகிறது, கலவை லீன் (பெட்ரோல் குறைவு)" என்றால் ஈசியு அந்தக் கணக்குக்கு மேல் கூட்டும்; டிரிம் பிளஸ். "ஆக்சிஜனே இல்லை, ரிச் (பெட்ரோல் அதிகம்)" என்றால் குறைக்கும், மைனஸ். அந்தந்த நொடியில் செய்யும் திருத்தம் ஷார்ட் டெர்ம், ஓடி ஓடிப் பழகி நினைவில் வைத்துக்கொள்வது லாங் டெர்ம். பத்துக்குள் இருந்தால் பொதுவாக யாரும் கவலைப்படுவதில்லை. 25-ஐ நெருங்கி அங்கேயே நின்றால்தான் பெரும்பாலும் பி0171 என்ற லீன் கோடு விழும். என் வண்டி அந்தக் கோட்டுக்கு ஒரு அடி முன்னால் நின்றதால் விளக்கு எரியவில்லை.

ஐடிலில் அதிகம், ஆர்பிஎம் ஏற ஏறக் குறைவு என்றால் வேக்கம் லீக் என்றுதான் எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். எங்கோ ஒரு ஹோஸ் வெடித்து, கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். ஆனால் அந்த விதி, உள்ளே வரும் காற்றை மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரால் அளக்கும் கார்களுக்குப் பொருந்துவது. என் காரில் அது இல்லை. சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான். ஹோஸ் வழியாகக் காற்று புகுந்தால் மேனிஃபோல்ட் அழுத்தமும் சேர்ந்தே ஏறும். ஈசியு அதைப் பார்த்து அதற்குரிய பெட்ரோலையும் கொடுத்துவிடும். டிரிம் அவ்வளவாக அசையாது, ஐடில் ஆர்பிஎம்தான் ஏறும். என்னுடையதில் ஐடில் 750-இல் அசையாமல் நின்றது, மேப் 33 கிலோபாஸ்கல். என்ஜினை அணைத்து சாவியை மட்டும் ஆன் செய்தால் 97. கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவைக்கு அது சரியான எண், ஆகவே மேப் சென்சாரும் பொய் சொல்லவில்லை. மனத்திருப்திக்குக் கார்ப் கிளீனரை ஹோஸ்கள்மேல் அடித்துப் பார்த்தேன்; ஓட்டை இருந்தால் அது உள்ளே போய் என்ஜின் ஓட்டம் மாறும். ஒரு சலனமும் இல்லை.

தெரிந்த மெக்கானிக் இன்ஜெக்டர் கிளீனிங் செய்யச் சொன்னார். பம்ப் அழுத்தம் குறைந்திருக்கலாம் என்றார் இன்னொருவர். பம்ப் பலவீனமாக இருந்தால் பெட்ரோல் அதிகம் தேவைப்படும் இடத்தில், அதாவது ஏற்றத்திலும் வேகத்திலும், டிரிம் ஏற வேண்டும். இங்கே தலைகீழ். இன்ஜெக்டர் அடைப்பு என்றால் இவ்வளவு வித்தியாசம் காட்டாமல் எல்லா ஆர்பிஎம்மிலும் இருக்க வேண்டும்.

இதையெல்லாம்விட என்னை உறுத்தியது வேறு. வேக்கம் லீக், பம்ப், இன்ஜெக்டர் மூன்றுமே உண்மையான லீன் கோளாறுகள். ஈசியு டிரிம்மைக் கூட்டி அந்தக் குறையை ஈடுகட்டிவிட்டால் கலவை திரும்பச் சரியாகிவிடும். அதனால் இவ்வளவு மைலேஜ் போகக் காரணமே இல்லை. பிளஸ் 22 என்பதை "22 சதவீதம் பெட்ரோல் வீண்" என்று பலர் படிக்கிறார்கள். அது அப்படி இல்லை. ஈசியு எதை நம்புகிறது என்பதைத்தான் டிரிம் காட்டும், சிலிண்டருக்குள் என்ன எரிகிறது என்பதை அல்ல. அதற்கு வேறு சாட்சி வேண்டும்.

முதல் சாட்சி ஸ்பார்க் பிளக். கழற்றினால் நாலும் ஒரே மாதிரி, காய்ந்த கரி. ஆயில் பிசுக்கு இல்லை. துணியால் தேய்த்தால் தூளாக உதிர்ந்தது. லீனாக ஓடும் என்ஜினின் பிளக் வெளுத்துப் போகும். இது ரிச்சாக எரிந்த பிளக்.

இரண்டாவது சாட்சிக்குப் புகைப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். நம்பர் பிளேட்டை மட்டும் போட்டோ எடுத்துச் சீட்டு தரும் இடம் அல்ல; குழாயை நிஜமாகவே சைலன்ஸருக்குள் விடும் இடம். இந்த வேலைக்கு அதைவிட மலிவான கேஸ் அனலைசர் நமக்குக் கிடைக்காது. பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். திரையில் 3.4 என்று வந்தது. அந்தப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஏனுங்ண்ணா, சோக்கு போட்டுட்டு வந்துட்டீங்களா?" சோக் லீவர் இருந்த கார்களை அவன் பார்த்திருக்கும் வயசே இல்லை, அப்பா சொல்லிக் கேட்டிருப்பான் போல. சோக் போட்டால் கலவை ரிச்சாகும், ஆகவே கேள்வி என்னவோ சரியான கேள்வி.

மூன்றாவது சாட்சி காருக்குள்ளேயே இருந்தது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது ஆக்சிஜன் சென்சார் 0.82 வோல்ட்டில் அசையாமல் நின்றது. 0.45-க்கு மேலே என்றால் ரிச். முன் சென்சார் "லீன், லீன்" என்று கேட்டு வாங்க, ஈசியு அள்ளி ஊற்ற, பின்னால் இருப்பது "போதும், வழிகிறது" என்கிறது. ஆக, முன் சென்சார் சொல்வதில்தான் கோளாறு.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் புது சென்சார் வாங்கிவிடுவார்கள். சில ஆயிரம் ரூபாய். அதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்தேன்: ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் முன் சென்சார் உடனே 0.85-க்குத் தாவியது. ஓடும் வண்டியில் காலை எடுத்து கியரிலேயே உருளவிட்டால், பெட்ரோல் நின்று, கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு விழுந்தது. தாவ வேண்டிய இடத்தில் தாவுகிறது, விழ வேண்டிய இடத்தில் விழுகிறது. சென்சார் உயிரோடுதான் இருக்கிறது. அதன் மூக்குக்குப் பக்கத்தில் யாரோ வெளிக்காற்றை ஊதுகிறார்கள். எக்ஸாஸ்டில் அழுத்தம் எப்போதும் வெளியே தள்ளுவதாகத்தான் நமக்குத் தோன்றும். ஆனால் புகை அலை அலையாகத்தான் வருகிறது. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் அழுத்தம் கீழே போய் ஓட்டை வழியாகக் காற்றை உறிஞ்சும். ஐடிலில் அந்த இடைவெளி நீளம், ஆர்பிஎம் ஏறினால் குறுகும். டிரிம் எண்கள் ஏன் அப்படி இருந்தன என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது.

ஓட்டையைக் கண்டுபிடிக்க என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். வீட்டு வேக்கம் கிளீனரில் காற்றை வெளியே ஊதும் பக்கத்தில் ஹோஸை மாட்டி, சைலன்ஸர் முனையில் வைத்துச் சுற்றிலும் பழைய துண்டை அடைத்தேன். மச்சான் அதைப் பிடித்துக்கொண்டார். நான் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மூடியிருக்கும் ஹீட் ஷீல்டை (சூடு தடுக்கும் தகடு) கழற்றிவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்த தண்ணீரை ஸ்ப்ரேயரால் ஒவ்வொரு இணைப்பிலும் அடித்தேன். மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் ஒன்றும் இல்லை. கன்வெர்ட்டர் ஃபிளேஞ்சில் ஒன்றும் இல்லை. சென்சாரின் அடியில் அடித்ததும், நட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் பொடிப் பொடியாக நுரை கிளம்பி ஒரு பிறை போல வளைந்து நின்றது. துடைத்துவிட்டு மறுபடி அடித்தேன். அதே இடம், அதே பிறை. டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால் சென்சார் ஒரு நூல் அளவு சாய்ந்திருந்தது. வாஷர் ஒரு பக்கம் நசுங்கியும் மறுபக்கம் துளிகூட நசுங்காமலும் இருந்தது.

22 எம்எம் ஸ்பேனரில் கழற்றினேன். மேனிஃபோல்டில் முதல் இரண்டு மரை சிதைந்திருந்தது. யாரோ முன்பு சென்சாரைக் கழற்றி, மரை கோணலாக ஏறியது தெரிந்தும் அப்படியே முறுக்கி இறுக்கியிருக்கிறார்கள். இதற்கு முன் பெரிய வேலைக்கு வண்டியை விட்டது ஒரே இடத்தில்தான், கிளட்சுக்காக. பில்லில் சென்சாரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சூடாகி ஆறி, சூடாகி ஆறி அந்த இடைவெளி நாளடைவில் பெரிதாகியிருக்க வேண்டும்; மைலேஜும் ஒரே நாளில் விழாமல் மெல்ல மெல்லத்தான் விழுந்தது.

கோவை கணபதி பகுதியில் தெரிந்த லேத் பட்டறைக்காரரிடம் சென்சாரைக் காட்டினேன். "இதுக்கு பதினெட்டுக்கு ஒன்றரை பிட்ச்சு டேப்புங்க, கீழ இருக்கற நல்ல மரையப் புடிச்சு வந்தாத்தான் நேரா வரும்" என்றார். வந்து பார்த்து, மேனிஃபோல்டைக் கழற்றாமலே, மரை வெட்டும் கருவியான டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பி, கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்று பின்னே என்று பொறுமையாக ஓட்டினார். இரும்புத் தூள் முழுக்க கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்தது. இல்லாவிட்டால் அது கன்வெர்ட்டருக்குள் போயிருக்கும். சென்சாரின் மரையையும் டை போட்டுச் சுத்தம் செய்தார். புது வாஷர், மரையில் மட்டும் கொஞ்சம் ஆன்ட்டி-சீஸ் பசை (சூட்டில் மரை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க; முனையில் பட்டால் சென்சார் காலி), 45 நியூட்டன் மீட்டரில் டார்க் ரெஞ்ச். கையாலேயே கடைசி வரைக்கும் சுலபமாகத் திருகியபோதே பாதிக் கவலை போய்விட்டது.

பிளக்குகளைப் புதிதாக மாற்றி, ஈசியுவின் பழைய டிரிம் நினைவை ஸ்கேனரால் அழித்தேன். ஊருக்குள்ளும் பொள்ளாச்சி ரோட்டிலும் ஓட்டிய பிறகு லாங் டெர்ம் ஐடிலில் பிளஸ் 6, 2500-இல் பிளஸ் 5. பின் சென்சார் 0.65-க்கு இறங்கியது; நல்ல கன்வெர்ட்டருக்குப் பின்னால் இது இயல்பான எண்தான். அதே பரிசோதனை நிலையத்தில் கார்பன் மோனாக்சைடு 0.08. மைலேஜ் இப்போது ஊருக்குள் 14.5.

மிச்சம் இருக்கும் அந்தப் பிளஸ் 6-ஐ நான் இ20 கணக்கில் எழுதிவிட்டேன். எடைக் கணக்கில் ஒரு பங்கு சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும், இ20-க்கு சுமார் 13.5 வருகிறது. பழைய அளவு வைத்த ஈசியு அந்த வித்தியாசத்தை டிரிம்மில்தான் ஈடுகட்ட முடியும், அது கோளாறு இல்லை. உங்கள் பழைய வண்டியிலும் ஐந்து, ஆறு தெரிந்தால் பதறி சென்சார் வாங்கப் போக வேண்டாம். டிரிம் பிளஸ்ஸில் இருந்து பிளக்கும் கருப்பாக இருந்தால் சோப்புத் தண்ணீரை எடுங்கள்.

ஹீட் ஷீல்டின் ஒரு போல்ட் துருப்பிடித்து, கழற்றும்போதே உடைந்துவிட்டது. மூன்று போல்ட்டில் நிற்கிறது. 3000 ஆர்பிஎம்மில் லேசாகக் கிர்ரென்கிறது. லேத்காரர் துளை போட்டு எடுத்துத் தருகிறேன் என்றிருக்கிறார், அவருக்கு ஆர்டர் குறையும் வாரத்துக்காகக் காத்திருக்கிறேன்.